சாட்சி சாப்பிட்ட பொங்கல்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ரெயின்கோட் ஜிப் மறுபடியும் மாட்டிக்கொண்டது. இடது ஷூவுக்குள் தண்ணீர்.

கோர்ட் டூட்டி. பஸ் ஸ்டாப் செல்போன் பறிப்பு வழக்கில் முதல் சாட்சி இன்று. பாதிக்கப்பட்ட பெண்ணேதான், ஜெயா. ராஜபாளையம் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். முதல் ஷிப்டுக்காக பஸ்ஸுக்கு நின்றபோது பைக்கில் வந்தவன் போனைப் பிடுங்கினான். இவள் விடவில்லை. ரோட்டில் இழுபட்டு மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் ஸ்க்ரூ முடுக்க வரவில்லை. வேலை போய் ஊரோடு இருக்கிறாள். சாட்சி சொல்லவென்றே ராத்திரி பஸ் ஏறி வந்தாள்.

படப்பையில் போய் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கோர்ட்டுக்கு எதிர் மெஸ்ஸில் பொங்கல், வடை, காபி. திரும்பிப் போக பஸ் காசும் கையில் வைத்தாயிற்று. என் சட்டம் அது. சாட்சி வெறும் வயிற்றோடு கூண்டேறக் கூடாது. நான் இந்த டூட்டிக்கு வந்த நாளிலிருந்து என் சாட்சி ஒருத்தர்கூடப் பிறழ்ந்ததில்லை. மற்ற ஸ்டேஷன் கோர்ட் போலீஸ்காரர்களும் கைக்காசு போடுகிறவர்கள்தான். ஆனால் டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். வடை வரைக்கும் போகிற ஏட்டு நான் ஒருத்திதான். பெருமைதான், அதற்கென்ன. என் டைரி.

ஜெயா அழகாகச் சொன்னாள். அப்புறம் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் வெள்ளைத்தாடிக்காரர். சத்தமே போட மாட்டார்.

"காலைல சாப்பிட்டியாம்மா?"

"சாப்ட்டேன் சார்."

"யார் வாங்கிக் குடுத்தா?"

"ஏட்டக்காதான்."

"ஊருக்குப் போக பஸ் காசு?"

"அவியதான் தந்தாவ."

"ஆக, போலீஸ் சோறு போட்டு, காசு குடுத்து, சொல்லச் சொன்னத நீ சொல்ற."

"இல்ல சார்" என்று சொல்லி அழுதுவிட்டாள். நடுவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அரசு வக்கீல், எங்கள் ஏ.பி.பி. மேடம், திரும்பி என்னை ஒரு பார்வை.

பசித்து வந்த பெண்ணுக்குப் பொங்கல் வாங்கித் தந்தது குற்றமா? வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. குக்கரை இறக்கிய வேகத்தில் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். புத்திசாலி.

தக்காளி வாங்க மறந்தேன்.


நவம்பர் 5, புதன்

தூறல். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறதாம். கடைக்கடையாக அதே பேச்சு. "தொறந்துவுடப் போறாங்களாமே ஏட்டம்மா?" என்று என்னைக் கேட்கிறார்கள். மதகுச் சாவி என் இடுப்பிலா இருக்கிறது.

ஸ்டேஷனில் பரபரப்பு. கோட்டையிலிருந்து ஆய்வுக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது. எம்.எல்.ஏ.க்கள், நிதித்துறை ஆட்கள். காவல், கோர்ட், சிறை மூன்றுக்கும் அரசாங்கம் ஒதுக்குகிற பணம் ஒழுங்காகச் செலவாகிறதா, எதைக் கூட்டுவது, எதை வெட்டுவது என்று பார்க்கிற குழு. எஸ்.ஐ. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். முகம் வெளிறிப்போய் இருக்கிறார்.

செய்தவை:
- வாசல் படிக்கு வெள்ளை, காவி
- கோலப்பொடி (யார் போடுவது? நானாம். மாட்டேன் என்றேன்)
- பறிமுதல் பைக்குகள் மேல் தார்ப்பாய்
- பூந்தொட்டி, பக்கத்து கம்பெனி செக்யூரிட்டியிடம் இரவல்

மாலையில் எஸ்.ஐ. கூப்பிட்டார். கோர்ட்டுக்கு வரும் சாட்சிக்குப் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அன்றைய கூலிக்கும் சேர்த்து அரசாங்கம் தருகிற பேட்டா. அது இந்த வட்டாரத்தில் செலவே ஆகவில்லையாம். குழு அதைத்தான் குறிவைத்திருக்கிறதாம்.

"வேண்டாதவங்களுக்கு எதுக்குன்னு அடுத்த வருஷம் வெட்டிருவாங்க போல ஏட்டம்மா."

"வெட்டட்டும் சார். அத வாங்கறதுக்குள்ள சாட்சி கெழவனாயிடுவான். நாங்க இருக்கோம்ல."

சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவரிடமும் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"இன்னா பானு, நீ இன்னா பெரிய வள்ளலா? கவுருமென்ட்டுக்கே துட்டு மிச்சம் புடிச்சிக் குடுக்கற?"

"ஆமா. உங்களுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல தாயே. மாவு புளிச்சிக்கினு கீது, அத மொதல்ல எடுத்து வை."


நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. சேரப்பணஞ்சேரி போனேன், பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு. இரண்டாம் சாட்சி மாரிக்கனிக்கு சம்மன். பன்னிரண்டாம் தேதி அவள் முறை.

வழக்கே இவள் கையில்தான். ஜெயா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான். கூட நின்ற மாரிக்கனிதான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து ஹெல்மெட்டைக் கழற்றியவள். சங்கரன்கோவில் பக்கம். ஒல்லி. ஒரு கையில் தூக்கிவிடலாம் போல இருப்பாள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தாள். சம்மனை வாங்கவில்லை.

"நான் வரலக்கா."

"லீவு பிரச்சனையா? நான் கம்பெனில பேசறேன்."

"லீவு போட்டா அட்டென்டன்ஸ் காசு போகும், அது போகட்டும். ஜெயா அழுதுட்டே போன் போட்டா. சோத்துக்கும் காசுக்கும் சாட்சி சொல்ல வந்தவன்னு அத்தன ஆம்பளைக நடுவுல கேட்டாராம்லா. ஊர்ல எங்க ஐயா காதுல விழுந்தா என்ன நெனைப்பாவ? நான் கண்ணால பாத்தத சொல்லுதேன். அதுக்கு ஒருத்தர் கையால தின்னுட்டு சொன்னேன்னு எழுதி வைக்கவா?"

"நான் எதுவும் வாங்கித் தரல. சும்மா வா."

"நீங்க எங்கூட வந்தாலே அப்படித்தானக்கா சொல்லுவாவ."

சம்மனைக் கதவுப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்தான், திட்டு அவனுக்குக் கிடைத்தது.

என் கைச்சோறு இத்தனை நாளில் யாருக்கும் கசந்ததில்லை. இன்றைக்குக் கசந்திருக்கிறது. வலித்தது.


நவம்பர் 7, வெள்ளி

குழு வந்தது. வெயிலும் வந்தது. பூந்தொட்டிகள் நன்றாகத்தான் இருந்தன.

முதலில் ஸ்டேஷன், பிறகு கோர்ட் வளாகம். எஸ்.ஐ., ஏ.பி.பி. மேடம், கோர்ட் தலைமை எழுத்தர், நான். குழுத் தலைவர் பெரிய மீசை எம்.எல்.ஏ. சுண்டலை விரும்பிச் சாப்பிட்டார். கேள்வியெல்லாம் கேட்டது நிதித்துறை அம்மாள். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி.

"சாட்சி பேட்டா ஏன் செலவாகவே இல்ல?"

எஸ்.ஐ. தொண்டையைச் செருமினார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் விறைப்பாக நின்று சொன்னேன். "மேடம், இந்தப் பக்கத்துல சாட்சிங்கள எல்லாம் கோர்ட் போலீஸே சொந்தக் காசுல பாத்துக்கறோம். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவு வெக்கறதில்ல."

சபாஷ் என்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அவங்க உங்க சாட்சி ஆயிடறாங்களேம்மா. எதிரி வக்கீல் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் இவர் இல்லை. ஆனாலும் நேராக அங்கேயே கை வைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

விடவில்லை நான். பேட்டா யார் கேட்டாலும் "எழுதி வெச்சிட்டுப் போ" என்பார்கள், பேங்க் பாஸ்புக் கேட்பார்கள், அதற்குள் அந்தப் பிள்ளைகள் கம்பெனி மாறி, ரூம் மாறிப் போய்விடுவார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான். எஸ்.ஐ. என் ஷூவை மிதித்தார். ஈர ஷூ.

"நடுவர் உத்தரவு போட்டா அன்னைக்கே கையில குடுக்கலாம்னு விதி இருக்கு. யாராவது மனு போட்டீங்களா?"

ஏ.பி.பி. மேடம் என்னைப் பார்த்தார். நான் தலைமை எழுத்தரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கேக்காத காசு எங்களுக்குத் தேவையில்லாத காசாத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மாள். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. வெட்டலாம் என்று வரைவில் ஏற்கனவே எழுதியாகிவிட்டதாம். பதினாலாம் தேதி கோட்டையில் முடிவு செய்யும் கூட்டம்.

"பன்னெண்டாம் தேதி ஒரு சாட்சி இருக்கு மேடம். அதுவரைக்கும் வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே. மாரிக்கனி வரமாட்டேன் என்று சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.


நவம்பர் 8, சனி

வெயில். துணியெல்லாம் மாடியில். யூனிபார்ம் காய்ந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் சொன்னது சரி. ஒத்துக்கொள்ளக் கடுப்பாக இருக்கிறது, ஆனால் சரி. சாட்சி வருவது எனக்காக இல்லை. நான் சோறு போட்டால் எனக்காக வந்த மாதிரி ஆகிவிடுகிறது. அரசாங்கம் வழக்குப் போட்டிருக்கிறது, அரசாங்கம் கூப்பிட்டிருக்கிறது, கூப்பிட்டவர்கள்தான் பஸ் காசு தரவேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவன் பந்தி போடாமல் பக்கத்து வீட்டுக்காரியா போடுவாள்?

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான். சாட்சியை அலைய விடக்கூடாது என்று நாமே பார்த்துக்கொண்டோம். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசாலேயே அவர்களுக்கு வரவேண்டிய பேட்டா போகப் போகிறது.

ஏ.பி.பி. மேடத்துக்கு போன். திங்கட்கிழமை மனு போடலாம் என்றார். "ஏன் ஏட்டம்மா, மெஸ்காரர் வருத்தப்படப் போறார்" என்று கிண்டல் வேறு.

வீட்டுக்காரர் மீன் வாங்கி வந்தார். சங்கரா. குழம்பு நன்றாக வந்தது.


நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை.

மனு போட்டாயிற்று. சாட்சி மாரிக்கனிக்கு அன்றைய பேட்டாவை அன்றே கொடுக்கவும், கோர்ட்டுக்கு வந்ததற்கு கம்பெனியில் காட்டச் சான்று தரவும். நடுவர் படித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார். உடனே உத்தரவு.

தலைமை எழுத்தர் மூக்கால் அழுதார். "வவுச்சர் புக்கு எங்க கீதுன்னே தெரில ஏட்டம்மா. எலி தின்னுகினு போயிருக்கும்." தேடச் சொல்லி அங்கேயே நின்றேன். டைப்ரைட்டருக்கு அடியில் கிடைத்தது. தும்மினார். நானும் தும்மினேன்.

மற்ற ஸ்டேஷன் கோர்ட் ஆட்கள் வராண்டாவில் சூழ்ந்துகொண்டார்கள். "நீ ஆரம்பிச்சி வுட்டா நாளைக்கு எங்க சாட்சியும் கேப்பான்." கேட்கட்டும், கேட்கத்தானே வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

உத்தரவு நகலை மாரிக்கனியிடம் நான் கொண்டுபோகவில்லை. வேறொரு பெண் காவலரிடம் கொடுத்து அனுப்பினேன். வாங்கிப் படித்தாளாம். மடித்து வைத்துக்கொண்டாளாம். வருவாளா, தெரியாது.

போன் போட்டு இரண்டு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாளோ என்று கை துடிக்கிறது. போடக் கூடாது. போட்டால் எல்லாம் போயிற்று. போனை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் அதில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


நவம்பர் 12, புதன்

எழுத வேண்டியது நிறைய. கை கடகடவென்று ஓடுகிறது.

மழை இல்லை, புழுக்கம். கோர்ட்டுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். மெஸ் வாசலில் நின்று கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். முதல் பஸ்ஸில் இல்லை. அடுத்ததில் இல்லை. ஏ.பி.பி. மேடம் வந்து "என்ன?" என்று கண்ணால் கேட்டார். உதட்டைப் பிதுக்கினேன்.

அப்புறம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாரிக்கனி. தனியாக. கம்பெனி சட்டை இல்லை, நீலச் சுடிதார், தலையில் பூ. பெட்டிக்கடையில் பன்னும் டீயும் தானே வாங்கி நின்றபடி தின்றாள். பன்னா போதும்? ஓடிப்போய் இரண்டு இட்லியாவது வைக்கலாமா என்று இருந்தது. போகவில்லை. வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அவள் என் பக்கம் பார்த்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை. சத்தியமாக, ஓடுகிற திருடனை விரட்டிப் பிடிப்பதுகூட இவ்வளவு கஷ்டமில்லை.

கூண்டேறினாள். நடந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கிற்று, வார்த்தை நடுங்கவில்லை. ஆளைக் காட்டச் சொன்னதும் கையை நீட்டிவிட்டாள். "இவருதான். ஹெல்மெட்ட நான்தான் கழட்டுனேன்."

வெள்ளைத்தாடிக்காரர் எழுந்தார்.

"இங்க உன்ன யார் கூட்டிட்டு வந்தா?"

"ஆட்டோல வந்தேன் சார்."

"டிபன் யார் வாங்கிக் குடுத்தா?"

"பன்னு தின்னேன். என் காசு."

"லீவு போட்டிருக்க. இன்னைக்கு சம்பளம் போச்சு. அத யார் தர்றதா சொன்னாங்க?"

"கோர்ட்டு. பேட்டான்னு பேரு. இந்தா, ஜட்ஜ் ஐயா கையெழுத்துப் போட்ட தாளு இருக்கு." எடுத்தே காட்டிவிட்டாள். நடுவர் தலையை ஆட்டினார்.

வக்கீல் விடவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார். "அதோ நிக்கிறாங்களே அந்த ஏட்டு. அவங்க சொல்லிக் குடுத்துத்தானே சொல்ற?"

மாரிக்கனி என்னைப் பார்த்தாள்.

"அவிய இன்னைக்கு எம் மூஞ்சியக் கூட பாக்கலயே சார். அன்னைக்கு சம்மன் வாங்க மாட்டேன்னு சொன்னதுல கோவமோன்னு நானே பயந்துட்டு நிக்கேன்."

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. நடுவரே சிரித்துவிட்டு "அமைதி" என்றார். வெள்ளைத்தாடிக்காரர் உட்கார்ந்தார். அவரும் சிரித்தமாதிரிதான் இருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யூனிபார்மில் அழக் கூடாது. தும்மல் வந்ததுபோல் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டேன். இந்த ஒல்லிப் பெண் யார் தயவும் இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், நின்ற இடத்தில் நின்று சொன்னாளே. நான் கூட்டிவந்த எந்தச் சாட்சியும் இவளைப் போலச் சொன்னதில்லை. இவளை நான் கூட்டி வரவில்லை. அதுதான் விஷயம்.

தலைமை எழுத்தர் எலிப்புழுக்கை வாசனையோடு வவுச்சரை நீட்டினார். மாரிக்கனி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சான்றையும் வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஷேர் ஆட்டோ வந்துவிட்டது என்று ஓடினாள். என்னிடம் நின்று பேசவில்லை. பேசாமல் போனதே சரி.

வாசலில் எஸ்.ஐ. சல்யூட் அடித்தார், விளையாட்டுக்கு. வாங்கிக்கொண்டேன்.


நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்காலுக்குத் தைலம் வாங்கவேண்டும்.

மாலையில் போன். நிதித்துறை அம்மாள், தானே பேசினார். நடுவர் உத்தரவு நகலையும் வவுச்சர் நகலையும் ஏ.பி.பி. மேடம் அனுப்பியிருந்தாராம். இன்றைய கூட்டத்தில் வெட்டவில்லை. பேட்டா இருக்கும். எல்லா கோர்ட்டுக்கும் சுற்றறிக்கை போகும், சாட்சி கேட்காவிட்டாலும் அரசு வக்கீலே மனு போடவேண்டும் என்று.

"அன்னைக்கு என்கிட்ட சத்தம் போட்டீங்களே, அதே சத்தத்த நானும் அங்க போட்டேன்" என்றார். நல்ல அம்மாள். சுண்டல் பற்றியும் விசாரித்தார்.

சுற்றறிக்கையில் என் பேர் வராதாம். வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன், "கோட்டை அறிக்கைல என்னால ஒரு வரி மாறியிருக்கு தெரியுமா?" என்று. "அப்ப இனிமே உன்ன கையில புடிக்க முடியாது" என்றார். முடியாதுதான்.

வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும்.


நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. வார ஆஃப். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

மாரிக்கனி போன். கோர்ட்டுக்கு அப்புறம் இப்போதுதான் பேசுகிறாள்.

"கோவம் தீந்துட்டாக்கா?"

"கோவமே இல்ல. நீ இன்னா விஷயம் சொல்லு."

அவள் ரூமில் இன்னொரு பெண் இருக்கிறாளாம், விளாத்திகுளத்துக்காரி. கம்பெனி வேன் டிரைவர் ஒருத்தன் அவளை வழியில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். சொன்னால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவேண்டும், சம்பளம் போகும், அசிங்கமாகக் கேட்பார்கள் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன் என்கிறாளாம். வேனில் அதைப் பார்த்த இரண்டு பேரும் சாட்சி சொல்ல வருகிறார்களாம்.

எழுந்துவிட்டேன். மாவுக் கையோடு வண்டிச் சாவியைத் தேடினேன்.

"அங்கயே இருங்க, அரை மணில வந்துடறேன்."

"நீங்க வர வேண்டாம்க்கா. ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டு வாறேன்."